அதே இறாலா, மூடிய தொட்டியா, மீனா, காடா? சூடேறும் கரையில் குளம் வைத்திருப்பவர் எதைத் தேர்வது

உவர்நீர்க் குளம் வைத்திருப்பவர்களின் கேள்விகள் இப்போதெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. "ரெண்டு கிராப் அடுத்தடுத்து போச்சு. வெயிலும் தாங்கல, மழை வந்தா ஒரேயடியா கொட்டுது. இன்னும் நாலு ஏரேட்டர் போட்டு இதையே ஓட்டவா? ஷெட் போட்டு தொட்டிக்குள்ள போயிடவா? இல்ல, இறாலே வேணாம்னு மீனுக்கு மாறவா?" (ஏரேட்டர் என்பது தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்.) கேட்பவர் கையில் பெரும்பாலும் யாரோ ஒரு சப்ளையர் கொடுத்த எஸ்டிமேட் இருக்கும். அந்தத் தாளில் எந்த வழி இருக்கிறதோ, அந்தப் பக்கம் மனம் ஏற்கெனவே பாதி சாய்ந்திருக்கும்.

இங்கே நான்கு வழிகளை ஒப்பிடுகிறேன்: குளத்தைப் பலப்படுத்தி அதே இறாலை வளர்ப்பது, மூடிய தொட்டிக்குப் போவது, இனத்தை மாற்றுவது, அலையாத்திக் காட்டோடு சேர்த்து வளர்ப்பது. கடலுக்குள் கூண்டு, சிப்பி, கடற்பாசி பற்றியும் கொஞ்சம் சொல்வேன். இவற்றில் எதுவும் ஆபத்தைத் துடைத்துப் போடுவதில்லை. வானிலை தரும் ஆபத்தை மின்சாரத்திடமோ சந்தையிடமோ காத்திருப்பிடமோ கைமாற்றி விடுகிறது, அவ்வளவுதான். அதனால் நல்ல வருடத்தில் எது அதிகம் தரும் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எந்தக் கெட்ட நாளை உங்களால் தாங்க முடியும் என்று கேட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

"இத்தனை வருடத்தில் இத்தனை டிகிரி கூடும்" என்ற சராசரிக் கணக்கு பண்ணைக்காரருக்கு அதிகம் உதவாது. இறால் சராசரியில் சாவதில்லை, ஏதோ ஒரு விடியற்காலையில் சாகிறது. என் அளவுகோல்கள் ஐந்தும் அந்த மாதிரி நாட்களைச் சுற்றியே இருக்கும்.

விடியற்கால ஆக்சிஜன். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். உப்பும் சேர்ந்தால் இன்னும் குறையும். 25 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரைகிற ஆக்சிஜன், 30 டிகிரிக் கடல்நீரில் 6.2 மில்லிகிராம்தான். இன்னொரு பக்கம், 10 டிகிரி கூடினால் உயிர்களின் மூச்சுத் தேவை ஏறக்குறைய இரட்டிக்கிறது. இறாலோடு குளத்துப் பாசியும் அடிச்சேற்றுப் பாக்டீரியாவும் சேர்ந்தே இழுக்கின்றன. வரவு இறங்கி, செலவு ஏறி, இரண்டும் முட்டிக்கொள்ளும் நேரம் அதிகாலை 4 மணி. பகலில் ஆக்சிஜன் கொடுத்த பாசி இரவில் அதையே திரும்ப வாங்கித் தின்று முடித்திருக்கும். கடலில் வெப்ப அலைகள் 1980களில் இருந்ததைவிட இரு மடங்கு அடிக்கடி வருகின்றன. பகல் எவ்வளவு கொதித்தது என்பதைவிட, இரவில் தண்ணீர் ஆறாமல் கிடந்ததா என்பதுதான் நமக்கு முக்கியம்.

உப்பின் ஊசலாட்டம். பண்ணைகளில் வளர்க்கும் வெனாமி இறால் 0.5 பிபிடியிலும் (ஆயிரம் பங்கு தண்ணீரில் அரைப் பங்கு உப்பு) வாழும், 45இலும் வாழும், மெதுவாகப் பழக்கினால். அதன் ரத்தத்தின் உப்பும் தண்ணீரின் உப்பும் சமமாவது சுமார் 25 பிபிடியில். அங்கிருந்து எந்தப் பக்கம் தள்ளினாலும் தின்ற தீவனத்தில் ஒரு பங்கு உப்பைச் சமாளிக்கவே போய்விடும். அதையும் இறால் பொறுத்துக்கொள்ளும், திடீரென்று மாறுவதைத்தான் பொறுக்காது. பெருமழை விட்டதும் குளத்தில் கையை விட்டுப் பாருங்கள். முழங்கை வரை சில்லென்று இருக்கும், நாக்கில் வைத்தால் சப்பென்று இருக்கும். கீழே விரல் நுனி படும் இடத்தில் வெதுவெதுப்பு, அங்கே பழைய உப்பு. மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் மூடி போட்ட மாதிரி அடியை அடைத்துவிடுகிறது. மேகம் கவிந்திருப்பதால் பாசியும் வேலை செய்வதில்லை. அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, கறுப்புச் சேற்றிலிருந்து அழுகின முட்டை வாடை கிளம்பும். தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கி வைக்கும் செக் டிரே தட்டைத் தூக்கினால் தீவனம் போட்டது போட்டபடி இருக்கும். அதைப் பார்த்த பிறகும் அட்டவணையில் இருக்கிறதே என்று அடுத்த வேளைத் தீவனத்தை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வறட்சி இதற்கு மறுபக்கம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறிவரும். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 2015-16இலும் 2019-20இலும் உப்பு வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே போனது.

கரையும் மதகும். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியது. மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். புயல் கடலைத் தள்ளிக்கொண்டு வரும்போது அந்த உயரத்தின் மேல் ஏறி நின்றுதான் வருகிறது. அதற்கு முன்பே தெரியத் தொடங்குவது வேறொன்று. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் தானாக வடிந்துகொண்டிருந்த குளம் முழுதாக வடியாமல் போகும். மதகுக்கு வெளியே தண்ணீர் போதுமான அளவு இறங்குவதே இல்லை. கரை உடைவதை எல்லோரும் பார்ப்பார்கள். மதகு ஓய்ந்து போவதைப் பல வருடம் கழித்துத்தான் கவனிப்பார்கள், அதற்குள் அடிச்சேறு முழங்கால் அளவு சேர்ந்திருக்கும்.

நோய். சூடு கூடினால் எல்லா நோயும் கூடும் என்பது பாதி உண்மைதான். 1990களின் தொடக்கத்திலிருந்து பண்ணைகளை ஆட்டிவைக்கும் வெண்புள்ளி வைரஸ், தண்ணீர் 32, 33 டிகிரியைத் தாண்டினால் அடங்குகிறது. அது தலைதூக்குவது குளிர்ந்த மழை நாட்களிலும், சூடும் குளிரும் மாறிமாறி அடிக்கும் வாரங்களிலும். விப்ரியோ பாக்டீரியாவுக்கோ சூடு என்றால் கொண்டாட்டம். குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே குளத்தைக் காலி செய்யும் இஎம்எஸ் என்ற இளம்பருவச் சாவு நோய் 2009இல் சீனாவில் தலைகாட்டி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவியது. அதற்குக் காரணம் நஞ்சு சுரக்கும் ஒரு வகை விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று 2013இல்தான் பிடிபட்டது. அதனால் நோய் என்ற அளவுகோலில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த வழி தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறதா?

பணம் எத்தனை காலம் சிக்கும். போட்ட முதல் எத்தனை வருடத்தில் திரும்பும், வெள்ளம் வந்து போனால் எத்தனை மாதத்தில் மறுபடி தொடங்கலாம், வேண்டாம் என்று முடிவெடுத்தால் அந்தக் கட்டுமானம் வேறு எதற்காவது உதவுமா.

## வழி 1: அதே இறால், பலப்படுத்திய குளம்

கரையை உயர்த்துவது, ஆழத்தைக் கூட்டுவது, ஒரு சேமிப்புக் குளம் ஒதுக்குவது, ஏரேட்டர் சேர்ப்பது, குஞ்சைக் குறைப்பது. முதல் நான்கை எல்லோரும் செய்வார்கள். ஐந்தாவதுக்கு யாருக்கும் மனசு வராது.

ஆழம் நல்ல காப்பு. முக்கால் மீட்டர் குளம் ஒரே மத்தியானத்தில் கொதித்து ஒரே மழையில் குளிர்ந்துவிடும். ஒன்றரை மீட்டர் குளம் அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஆனால் ஆழம் கூடினால் மேலும் கீழும் தண்ணீர் தனித்தனி அடுக்காக நிற்பதும் கூடும், கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சேமிப்புக் குளம் இன்னும் நல்லது. வெளியே ஆற்றில் உப்பு எகிறும்போதோ பக்கத்துப் பண்ணையில் நோய் வந்தபோதோ மதகைத் திறக்காமல் இருக்கலாம். விலை என்னவென்றால், மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ வளர்ப்புக்கு இல்லாமல் போகும்.

ஏரேட்டர் கணக்கு எளிது. 1 குதிரைத்திறனுக்கு 400 முதல் 500 கிலோ இறால் என்பது பண்ணைகளில் புழங்கும் கணக்கு. 5 டன் எதிர்பார்த்தால் 10 குதிரைத்திறனுக்குக் குறையக் கூடாது. வெப்பமான இரவுகளில் அதுவும் பற்றாது. கூட்டும் ஒவ்வொரு ஏரேட்டருக்கும் பின்னால் ஜெனரேட்டரிலும் அதே அளவு கூட்ட வேண்டியிருக்கும் என்பதை எஸ்டிமேட்டில் போட மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது மண். கரையை உயர்த்த மண் எங்கிருந்து வரும்? குளத்தின் அடியிலிருந்து. அந்த நிலம் ஒரு காலத்தில் அலையாத்திக் காடாக இருந்திருந்தால் அடிமண்ணில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கும். ஈரத்துக்குள் கிடக்கும்வரை அது சாது. தோண்டிக் கரைமேல் போட்டுக் காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். நீண்ட வறட்சியில் கரை வெடித்துக் கிடக்கும், அமிலம் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். பிறகு முதல் பெருமழை அத்தனையையும் கழுவிக் குளத்தில் இறக்கும். வறட்சியும் கொட்டும் மழையும் மாறிமாறி வரும் இந்தக் காலத்துக்கென்றே செய்து வைத்த பொறி. கரை மண்ணை உடைத்தால் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள், ஓரத்துத் தண்ணீரில் துருப்பிடித்த செம்மை, இவை அடையாளம். மண்ணைத் தோண்டும் முன் ஒரு பிடி எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, அடங்கிய பிறகு பிஎச் பாருங்கள். 3க்குக் கீழே போனால் அந்த மண்ணைத் தொடாதீர்கள்.

இன்னொன்று நிலத்தடி நீர். உப்பு ஏறும்போது போர் போட்டு நல்ல தண்ணீர் கலப்பது கைக்கு எளிது. கழிமுக நிலத்தில் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சினால் நிலமே அமிழும். பல கழிமுகங்களில் நிலம் அமிழும் வேகம் கடல் ஏறும் வேகத்தைவிடப் பல மடங்கு. ஒரு பக்கம் கரையை உயர்த்திக்கொண்டு மறுபக்கம் அந்தக் கரை நிற்கும் தரையை இறக்கிக்கொண்டிருப்போம்.

இப்போது அந்த ஐந்தாவது விஷயம். சதுர மீட்டருக்கு 60 குஞ்சு விட்டவர் 30 விட்டால், விடியற்கால ஆக்சிஜன், அடிச்சேறு, அம்மோனியா, தீவனக் கடன் எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன. 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் 9ஐத் தொடும் மாலைகளில் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 40 சதவீதம் நஞ்சு வடிவத்தில் இருக்கும் என்பதை நினைத்தால், அம்மோனியா குறைவதே பெரிய நிம்மதி. அதோடு குஞ்சை மூன்று நான்கு வாரம் நர்சரித் தொட்டியில் தேற்றிவிட்டுக் குளத்தில் இறக்கினால், இஎம்எஸ் தாக்கும் முதல் மாதம் கண் முன்னாலேயே கழியும். குளத்தில் இருக்கும் நாளும் குறையும். புயல் பருவத்துக்கு முன்பே பிடித்துவிடலாம். என்னைக் கேட்டால், எந்த எஸ்டிமேட்டிலும் இல்லாத இந்த வேலையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

எப்போது இது சரி: நிலம் உங்களுடையது, தாழ்வான கடைசி வரிசையில் இல்லை, அடிமண் புளிக்கவில்லை, நட்டம் வந்தது ஆக்சிஜனாலும் நோயாலும்தான், வெள்ளத்தால் இல்லை. அப்படியானால் வேறு எங்கும் போக வேண்டாம்.

## வழி 2: மூடிய தொட்டி

லைனர் (பிளாஸ்டிக் ஷீட்) விரித்த சிறு குளம், கழிவைத் தண்ணீரிலேயே பாக்டீரியாத் திரளாக மாற்றும் பயோஃப்ளாக், வடிகட்டி வைத்த மறுசுழற்சித் தொட்டி மூன்றையும் ஒன்றாகவே பார்க்கிறேன். வெளித் தண்ணீரை நம்பாமல், உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து வளர்ப்பது. உப்பு நீங்கள் வைத்தபடி நிற்கும். மழை மேலே விழாது. நோய் தண்ணீர் வழியாக வருவது குறையும். கரையை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே மேட்டு நிலத்திலும் வைக்கலாம் என்பதால் கடல்மட்டக் கவலையும் இல்லை. முதல் நான்கு அளவுகோல்களிலும் காகிதத்தில் இதுதான் ஜெயிக்கும்.

காகிதத்தில் இல்லாதது நேரம். சாதாரணக் குளத்தில் ஏரேட்டர் நின்றால் யோசிக்க ஓரிரு மணி நேரம் கிடைக்கும். ஃப்ளாக் தொட்டியில் இறாலோடு அந்தப் பாக்டீரியாத் திரளும் மூச்சு விடுகிறது. காற்று ஊதும் புளோயர் நின்றால் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. ஒரு ராத்திரி அப்படி ஒரு பண்ணையில் நின்றிருந்தேன். முதலில் தெரிந்தது இருட்டு இல்லை, சத்தம் நின்றதுதான். மாதக்கணக்கில் காதில் விழுந்துகொண்டிருந்த இரைச்சல் அறுந்ததும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். ஜெனரேட்டர் இருந்தது. டீசல் முழு டேங்க் இருந்தது. அதை ஸ்டார்ட் செய்யும் பேட்டரிதான் செத்துக் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் இறால் மேலே வந்து வட்டமடிக்கத் தொடங்கியிருந்தது. டிராக்டரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து பொருத்துவதற்குள் இரண்டு தொட்டி போய்விட்டது.

புயலும் இந்த வழியும் சந்திக்கும் இடம் இதுதான். காற்று கூரையைத் தூக்காவிட்டாலும், புயலுக்கு முன்பே மின்சாரத்தை நிறுத்துவார்கள், பிறகு நாட்கணக்கில் வராது. டீசல் லாரி வரும் சாலையும் மூழ்கியிருக்கும். மூன்று நாள் டீசலைச் சேமித்து வைக்க இடமில்லாதவருக்கு இந்த வழி இல்லை என்றே சொல்வேன்.

வேறு செலவுகளும் உண்டு. பிளாஸ்டிக் கூரைக்கடியில் வெயில் காலத்தில் தொட்டி அடுப்பாகும், நிழல்வலையும் காற்றோட்டமும் வேண்டும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையையும் தின்றுகொண்டே இருக்கும், நாள் தவறாமல் சோடா மாவு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மறுசுழற்சியில் வடிகட்டிப் பாக்டீரியா நிலைக்கவே வாரக்கணக்காகும், மருந்து ஏதாவது ஊற்றி அதைக் கொன்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கரையோரத்தில் லைனர் போட்டால் ஓதக் காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி ஷீட்டை அடியிலிருந்து பலூன் மாதிரி தூக்கும். கடல்மட்டத்துக்குப் பயந்து போட்ட லைனரைக் கடல்மட்டமே கிளப்பும்.

ஆனால் இந்தக் கட்டுப்பாடு வேறெங்கும் கிடைக்காத ஓர் இடம் உண்டு: குஞ்சுப் பருவம். அமெரிக்காவின் ஒரிகன் கரையில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள ஆளிக் குஞ்சு பொரிப்பகத்தில் 2007 வாக்கில் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. முதலில் பாக்டீரியா மேல்தான் சந்தேகம். கடைசியில் பார்த்தால், ஆழ்கடலிலிருந்து மேலெழும் தண்ணீரின் பிஎச் இறங்கி, ஓடு கட்ட வேண்டிய முதல் நாட்களிலேயே குஞ்சால் கட்ட முடியவில்லை. தண்ணீரை விடாமல் அளந்து, சோடியம் கார்பனேட் சேர்த்து, கடற்புல் ஒளிச்சேர்க்கையில் பிஎச் ஏறியிருக்கும் மத்தியானத்தில் தொட்டியை நிரப்பி மீண்டார்கள். தொட்டி சிறிது, காலம் சில வாரம், உள்ளே இருக்கும் உயிரோ மிகவும் மென்மையானது. கட்டுப்பாட்டுக்குச் செலவழிக்கும் பணம் அங்கே நியாயமாகிறது. விற்கிற அளவுவரை தொட்டியிலேயே வளர்ப்பதற்கு அந்த நியாயம் எல்லோருக்கும் கிடைக்காது.

எப்போது இது சரி: நிலம் கொஞ்சம், மின்சாரம் நம்பகமானது, ராத்திரியில் பொறுப்போடு விழித்திருக்க ஆள் உண்டு, பல வருடக் கடனை ஒரு கிராப் போனாலும் கட்ட முடியும். அல்லது, நர்சரிக்கு மட்டும்.

## வழி 3: இனத்தை மாற்றுவது

உப்பு ஏறி இறங்குவதுதான் உங்கள் முதல் எதிரி என்றால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பால்மீன் நன்னீரிலும் வாழும், கடலைவிட உப்பான தண்ணீரிலும் வாழும். அடியில் படரும் பாசியை மேய்ந்தே பாதி வளரும். குளிரை மட்டும் தாங்காது. மடவையும் அப்படியே, உப்பைப் பற்றிக் கவலைப்படாது. கொடுவாய் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வரும் சாதி, உப்பு மாற்றம் அதற்குப் பழக்கம். சேற்று நண்டு காற்றிலும் கொஞ்ச நேரம் மூச்சு விடும், ஆக்சிஜன் குறைந்த தண்ணீரை மற்றவற்றைவிட நன்றாகச் சமாளிக்கும்.

சிக்கல் வேறிடத்தில். வெனாமி மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வரும். மீனுக்கு ஆறு மாதம், எட்டு மாதம், கொடுவாய் பெரிதாக வேண்டுமென்றால் அதற்கும் மேல். ஒரு வளர்ப்பு வெயிலையும் மழையையும் புயல் பருவத்தையும் சேர்த்துத் தாண்ட வேண்டும். கரைமேல் தண்ணீர் ஏறினால் எட்டு மாத முதலீடு ஒரு வாலசைப்பில் கடலுக்குப் போய்விடும். நண்டு வெள்ளத்துக்காகக் காத்திருக்கவும் செய்யாது, ராத்திரியில் கரையேறியே போகும், சுற்றிலும் வலை கட்ட வேண்டும்.

குஞ்சு இன்னொரு கவலை. மடவை, நண்டு இரண்டுக்கும் இன்றைக்கும் பெருமளவு இயற்கையில் பிடிக்கும் குஞ்சைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கழிமுகத்தில் மழை தவறினால் குஞ்சும் தவறும். கொடுவாய்க்குப் பொரிப்பகக் குஞ்சு உண்டு, ஆனால் ஒன்றையொன்று தின்னும். வாரந்தோறும் அளவு பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் தீவனத்தில் மீன்மாவு அதிகம். மீன்மாவுக்கான நெத்தலி பெருமளவு பெரு நாட்டுக் கடலிலிருந்து வருகிறது, அங்கே எல்நினோ என்ற கடல் சூடு வந்தால் உங்கள் தீவன பில் ஏறும். 2023இல் அங்கே வட-மத்தியக் கடலில் நெத்தலிப் பிடிப்பின் முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். உப்புக்குப் பயந்து மாறியவர் உலகத்தின் மறுகோடியில் நடக்கும் கடல் சூட்டில் மாட்டிக்கொள்கிறார். பால்மீனுக்கு இந்தத் தொல்லை குறைவு, விலையும் அதற்கேற்பக் குறைவு, முள்ளும் அதிகம்.

முழுதாக மாறாமல் பருவத்துக்குப் பருவம் மாற்றுவது நடுவழி. மீகாங்கில் கோடையில் இறால், மழையில் உப்பைக் கழுவிவிட்டு நெல் என்று ஒரே நிலத்தில் செய்கிறார்கள். மண்ணுக்கு நல்லது, நோய்ச் சங்கிலியும் அறும். ஆனால் மழை பொய்த்தால் உப்பு கழுவப்படாது, நெல் போய்விடும். அவர்களுக்கு அதுவும் நடந்திருக்கிறது.

எப்போது இது சரி: ஒரே வருடத்தில் உங்கள் தண்ணீர் 5 பிபிடிக்கும் 40க்கும் இடையில் ஆடுகிறது, வாங்குபவர் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்கிறார், கரை வெள்ளத்துக்குத் தாங்கும். இதில் வாங்குபவர் விஷயத்தைத்தான் பெரும்பாலோர் கடைசியில் யோசிக்கிறார்கள்.

## வழி 4: காட்டோடு சேர்ந்த குளம்

குஞ்சைக் குறைவாக விட்டு, தீவனம் போடாமல், அலையாத்தி மரங்களுக்கு இடையே ஓடும் வாய்க்கால்களில் இறாலும் நண்டும் வளர விடுவது. வியட்நாமின் கா மாவ் பகுதியில் பரப்பில் பாதிக்கு மேல் காடாக வைத்து இப்படிச் செய்கிறார்கள். ஏக்கருக்கு வரும் வருமானம் குறைவு, ஒரேயடியாகப் போவதும் குறைவு. ஏரேட்டர் இல்லை, அதனால் மின்சாரம் போனாலும் நிற்க ஒன்றுமில்லை.

காட்டை வெட்டினால் என்னவாகும் என்பதற்கு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள டெமாக் கரை சாட்சி. குளங்களுக்காக மரங்களை எடுத்தார்கள், நிலமும் அமிழ்ந்தது, பிறகு கடல் குளங்களையும் ஊர்களையும் விழுங்கியது. அங்கே 2015 முதல் குச்சிகளைக் கட்டி, தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறும்படியான தடுப்புகள் போட்டு, சேற்றைப் பிடித்து நிறுத்தி, மரம் தானாக முளைக்க இடம் செய்ய முயன்றார்கள். ஒரு முறை போன கரையைத் திரும்ப வரவழைப்பது எவ்வளவு மெதுவான வேலை என்பதும் அங்கேயே தெரிந்தது.

ஒரு விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. குளத்துக்குள் நடும் மரமும், குளத்துக்கு வெளியே கடல்பக்கம் நிற்கும் மரமும் ஒன்றில்லை. அலையாத்தியின் வேர் ஓதத்தில் நனைந்து வற்றத்தில் காற்று வாங்க வேண்டும். மதகை மூடித் தண்ணீரைத் தேக்கி வைத்தால் மரம் மூச்சுத் திணறும், இலை உதிர்ந்து மக்கித் தண்ணீரைக் கறுப்பாக்கும், கடைசியில் அந்தக் குளத்தில் ஆக்சிஜனும் இருக்காது. அலையை உடைக்கும் வேலையைச் செய்வது வெளிப்பக்க மரம்தான். அதனால் பண்ணை முழுவதையும் மாற்ற முடியாதவர், கடலோரம் உள்ள முதல் குளத்தை மட்டும் விட்டுக்கொடுத்து, அதன் கரையை உடைத்து ஓதம் போய்வர விடலாம். ஓதம் சரியாக வந்தால் விதை தானே வரும், நாற்று வாங்கத் தேவையில்லை. சேற்றுத் திட்டில் வரிசையாக நாற்று நட்டுப் படமெடுத்துக்கொள்ளும் வேலைகள் பெரும்பாலும் அடுத்த வருடமே அலையில் போய்விடுகின்றன.

மறைந்த செலவு காலமும் அண்டை வீட்டாரும். மரம் தடுப்பாக நிற்கப் பல வருடங்கள் வேண்டும், கடனின் தவணை அதுவரை காத்திருக்காது. நீங்கள் மட்டும் முதல் குளத்தை விட்டு, இரு பக்கத்துக்காரர்களும் விடாவிட்டால், அலை அவர்கள் வழியாகச் சுற்றி வரும்.

எப்போது இது சரி: நிலம் தாராளம், கடன் இல்லை, மதகு ஏற்கெனவே ஓயத் தொடங்கிவிட்டது, பக்கத்துக் குளத்துக்காரர்களோடு பேச்சு இருக்கிறது.

## கடலுக்குள் போவது பற்றி

குளமே வேண்டாம் என்பவர்களுக்காகக் கொஞ்சம். கூண்டு மீனுக்குக் கரை உடையும் பயமில்லை, ஆனால் தண்ணீரைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. பிலிப்பைன்ஸின் போலினாவோவில் 2002இல் பாசிப் பெருக்கும் ஆக்சிஜன் வீழ்ச்சியும் சேர்ந்து வந்து கூண்டுகளிலிருந்த பால்மீன்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றன. மீன் ஓட நினைத்தாலும் வலை விடாது. சிப்பி, மட்டிக்குத் தீவனச் செலவில்லை, ஆனால் ஓதம் வற்றினால் வெளியே தெரியும் இடத்தில் வளர்த்தால் ஒரு வெப்ப அலை போதும். 2021 ஜூனில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பாறையிலேயே மட்டிகள் வெந்துபோயின. கப்பாபைகஸ் கடற்பாசி தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் நீடித்தாலும், மழையில் உப்பு இறங்கினாலும் வெளுத்து ஒடியும். சான்சிபாரில் ஆழம் குறைந்த இடங்களில் அது தொடர்ந்து பொய்த்ததால் ஆழமான தண்ணீருக்கு நகர்த்திப் பார்த்தார்கள். பாசிக்கு ஒரு பெரிய நன்மை: சுமார் 45 நாளில் அறுவடை. போனாலும் போவது ஒன்றரை மாத உழைப்பு.

## ஒரே பார்வையில்

| | பலப்படுத்திய குளம் | மூடிய தொட்டி | வேறு இனம் | காட்டோடு குளம் |
|---|---|---|---|---|
| விடியற்கால ஆக்சிஜன் | குஞ்சைக் குறைத்தால் நல்லது | மின்சாரம் உள்ளவரை மிக நல்லது | நண்டு, பால்மீனுக்குப் பரவாயில்லை | இலை மக்கினால் மோசம், ஓதம் ஓடினால் நல்லது |
| உப்பு ஊசலாட்டம் | சேமிப்புக் குளம் இருந்தால் சமாளிக்கலாம் | கவலையில்லை | இதற்கே ஏற்ற வழி | ஓரளவு |
| புயல், வெள்ளம் | கரையைப் பொறுத்தது | கட்டடம் தப்பலாம், மின்சாரம் தப்பாது | மீன் ஓடிவிடும் | வெளிப்பக்க மரம் இருந்தால் நான்கிலும் சிறந்தது |
| நோய் | நர்சரி வைத்தால் குறையும் | குறைவு, வந்தால் மொத்தமும் | இறால் நோய் இல்லை, மீன் நோய் உண்டு | குறைவு |
| சிக்கும் பணம் | நடுத்தரம் | மிக அதிகம், பல வருடம் | குறைவு, ஆனால் நீண்ட வளர்ப்பு | மிகக் குறைவு, ஆனால் விட்ட நிலம் போனதுதான் |
| எஸ்டிமேட்டில் வராதது | புளித்த மண், நிலம் அமிழ்தல் | டீசல், ராத்திரி ஆள் | குஞ்சு, வாங்குபவர், மீன்மாவு | காலம், அண்டைக் குளங்கள் |

இந்த வழிகளைக் கலக்கலாம். நான் பார்த்தவரை தாக்குப்பிடிக்கும் பண்ணைகள் பெரும்பாலும் கலந்தவைதான்: குஞ்சுக்கு மட்டும் மூடிய தொட்டி, நடுக் குளங்களில் குறைந்த அடர்த்தியில் இறால், சேமிப்புக் குளத்தில் மேய்ந்துகொள்ளப் பால்மீனோ மடவையோ, கடலோரக் குளம் காட்டுக்கு. நான்கையும் ஒரே வருடத்தில் செய்யப் போனால் எதையும் சரியாகச் செய்ய முடியாது.

## கையெழுத்துப் போடும் முன்

நான்கில் எது என்று இன்னும் திணறுகிறீர்கள் என்றால், உங்கள் குளத்தை எது முதலில் அடிக்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். ஒரு வருடம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஆக்சிஜன், வெப்பம். மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் மேலும் அடியிலும் உப்பு, தனித்தனியாக. மின்சாரம் போன நேரம், வந்த நேரம். செக் டிரேயில் தீவனம் மிஞ்சிய நாட்கள்.

விடியற்காலை எண்கள்தான் மோசம் என்றால் குஞ்சைக் குறைத்துக்கொண்டு முதல் வழியில் இருங்கள். உப்பு எண்கள் துள்ளினால் மூன்றாவது. மின்சாரம் போன பக்கம் நிரம்பி வழிந்தால் இரண்டாவது வழியின் எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிடுங்கள். மதகுக்கு வெளியே ஒரு மூங்கிலை அடித்து ஊன்றி, மாதாமாதம் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தையும் இறங்கிய உயரத்தையும் பெயின்டால் கோடு போடுங்கள். இறங்கிய கோடு குளத்தின் அடிமட்டத்துக்கு மேலேயே நிற்கத் தொடங்கிவிட்டால், அந்தக் குளத்தின் கரையை உயர்த்தக் கடன் வாங்காதீர்கள்.